டீசல் மாமா

ஒரு குடும்பம் பழைய கார் வாங்கப் போகிறது என்ற பேச்சு வாசற்படியைத் தாண்டுவதற்குள் டீசல் மாமா உள்ளே வந்துவிடுவார். சொந்தத் தாய்மாமனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஓவர்சியராகவோ, மில்லில் வேலை பார்த்த பெரியவராகவோ இருக்கலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் நான் பார்த்தவரை அவர் பெரும்பாலும் மாமா உருவத்தில்தான் வருகிறார். காபி வரும்வரைகூடப் பொறுக்க மாட்டார். என்ன வண்டி, எந்த வருஷம், கையில் எவ்வளவு இருக்கிறது, எதையும் கேட்க மாட்டார். "கண்ணை மூடிட்டு டீசல் எடு மாப்ள" என்பார். உலகத்தில் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டிய பொருள் ஏதாவது உண்டென்றால் அது பழைய கார்தான். ஆனால் அதை மாமாவிடம் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது பேனா கேட்பார். டீப்பாயில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் நடுக்கோடு போடுவார். இடப்பக்கம் பெட்ரோல், வலப்பக்கம் டீசல். பெட்ரோல் வண்டிக்கு மைலேஜ் 12 என்று எழுதுவார். அவருக்கு மனசு இளகியிருந்தால் 13. டீசலுக்கு 24. இந்த 24 அவருடைய சொந்த வண்டி கொடுத்தது. என்றைக்கோ ஒரு நாள் அதிகாலையில், ஏசி போடாமல், ஆள் ஏற்றாமல், அறுபதைத் தாண்டாமல், தாராபுரம் ரோட்டில் கிடைத்த மைலேஜ். அன்றோடு அளப்பதை நிறுத்திவிட்டார். நல்ல விடை வந்தபிறகு மறுபடி எதற்கு அளக்க வேண்டும்?

மாமாவைப் பரிகாசம் செய்வது சுலபம். ஆனால் ஒரு காலத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்துவிட்டது, டீசலுக்கு எடுக்கவில்லை. பெட்ரோல் ஏறிக்கொண்டே போக, 2012 நடுவில் இரண்டுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டது. ஊரே டீசலுக்கு ஓடியது. டீசல் ஸ்விஃப்டுக்குப் பணம் கட்டிவிட்டுப் பல மாதம் காத்திருந்தவர்கள் உண்டு. ஃபியட்டின் 1,248 சி.சி. எஞ்சின் ஒன்றையே மாருதியிலும் போட்டார்கள், டாடாவிலும் போட்டார்கள். அதற்கு 'தேசிய எஞ்சின்' என்றே பெயர். மாமாவும் அந்த வருஷம்தான் வாங்கினார். வாங்கிய கையோடு காலண்டரையும் நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் வரைக்கும் வதந்தி. 2013 ஜனவரியிலிருந்து டீசலை மாதம் ஐம்பது பைசா போல ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் அதன் கட்டுப்பாட்டையும் எடுத்தார்கள். 2020 ஜூனில் டெல்லியில் டீசல் பெட்ரோலையே விலையில் தாண்டி, சில வாரம் மேலே நின்றது. அந்த வருஷம் ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே விட்டுவிட்டது. "இதெல்லாம் டெம்பரவரி மாப்ள" என்றார் மாமா. இன்னமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டீசலைப் பற்றி அவருக்குப் புராண அறிவும் உண்டு. 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். இது உண்மைதான். எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இரவோடு இரவாகக் காணாமல் போனார். இதுவும் உண்மைதான். "பெட்ரோல்காரன் தள்ளி விட்டுட்டான்" என்பது மட்டும் மாமாவின் தீர்ப்பு. அவருக்குப் பிடித்த இன்னொரு வசனம்: "ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அப்புறம் என்ன செலவு?" பிளக் கிடையாது, வாஸ்தவம். காற்றை நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிற எஞ்சின் அது. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கவேண்டி இருப்பதால்தான் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் விலை கூடின சாமான்களாக இருக்கின்றன. இன்ஜெக்டர் மாற்றுகிற அன்றைக்கு வரும் பில்லைப் பார்த்தால் ஸ்பார்க் பிளக்கின் மேல் தனிப் பாசம் வந்துவிடும்.

மாமாவின் முழு வீச்சையும் பார்க்க வேண்டுமானால் அவரோடு ஆட்டோ கன்சல்டிங்குக்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் பழைய கார் விற்கிற இடத்துக்கு அதுதான் பெயர். பத்துப் பதினைந்து வண்டிகளைக் கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்பு பாலிஷ் போட்டு நிறுத்தியிருப்பார்கள். ஓட்டுக்கொட்டகைக்குள் மேசை, மின்விசிறி, ஒரு பிள்ளையார் படம். மாமா நேரே ஒரு வெள்ளை டீசல் வண்டியிடம் போய், காய்ச்சல் பார்க்கிற மாதிரி பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் திணறுவதை மறைக்க இது ஒரு வழி. இந்தச் சோதனை அருமையான சோதனை. ஆனால் மாமா கையை மட்டும்தான் வைப்பார். சூடாக இருக்கிறதா என்பதைக் கவனிக்க மாட்டார்.

பிறகு டிப்ஸ்டிக்கை உருவுவார். துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, "ஆயில் கறுத்திருக்குதே" என்பார்.

"டீசல் வண்டிங்க, ஆயில் மாத்தி ரெண்டாம் நாளே கறுத்துரும்ங்க" என்பார் கன்சல்டிங்காரர்.

"அது எனக்குத் தெரியாதுங்களா?" என்பார் மாமா. அடுத்து, எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறக்கச் சொல்வார். அந்த வாயிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். புகை வரும். மாமா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் நல்லா இருக்குது" என்பார்.

"எத்தனை ஓனருங்க?"

"சிங்கிள் ஓனருங்க. டாக்டர் வண்டி. வீடு, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி, வீடு. அவ்ளோதானுங்க ஓட்டம்."

பழைய கார் சந்தையில் விற்பனைக்கு வருகிற டாக்டர் வண்டிகளை எண்ணினால், தமிழ்நாட்டில் தெருவுக்கு நான்கு ஆஸ்பத்திரி இருக்க வேண்டும். மீட்டர் 62,000 என்று காட்டும். வண்டிக்குப் பத்து வயது. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். புது டீசல் காருக்குக் கூடுதலாக ஒரு லட்சத்துக்குமேல் கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார்? ஓட்டம் இருந்ததால் கொடுத்தார். அப்படிப்பட்டவரின் வண்டி வருஷத்துக்கு ஆறாயிரம்தான் ஓடியது என்றால், ஒன்று மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் வாங்கியவருக்கும் ஒரு டீசல் மாமா வாய்த்திருக்கிறார். சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்டு வாங்கித் தேதிவாரியாகக் கிலோமீட்டரைப் பார்த்தால் எது என்பது தெரிந்துவிடும். மாமா ரெக்கார்டு கேட்க மாட்டார். "டாக்டர் பொய் சொல்ல மாட்டார் மாப்ள."

இந்தக் கோலாகலத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் வீட்டு மருமகள்தான். அவள் முறைக்கு மாமா பெரியப்பா ஆக வேண்டும். "நாம மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவோம் பெரியப்பா?"

கூடத்தில் ஒரு நிமிஷம் பேச்சே இருக்காது. பிறகு எல்லோரும் சேர்ந்து கற்பனைக் கிலோமீட்டரை ஓட்ட ஆரம்பிப்பார்கள். மாசம் ஒரு தடவை பழனி, போக வர 200-க்கு மேல். குலதெய்வம் கோயில். லீவு விட்டால் ஊட்டி. திருச்சி அத்தையை எத்தனை நாளைக்குத்தான் பார்க்காமல் இருப்பது? கூட்டினால் வாடகை டாக்ஸிக்காரர் பொறாமைப்படும் அளவுக்கு வந்து நிற்கும். உண்மையில் அந்தக் கார் காலையில் பள்ளிக்கூடம் போகும், சாயங்காலம் மளிகைக் கடைக்குப் போகும், முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்குப் போகும். மாசம் 500 வந்தால் பெரிது.

மருமகள் அதே பத்திரிகையின் மிச்ச இடத்தில் எழுதுவாள். 2025 விலைப்படி பெட்ரோல் 101 ரூபாய்ப் பக்கம், டீசல் 92 ரூபாய்ச் சொச்சம். பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 19 என்று நடுநிலையாக மைலேஜ் போட்டால், கிலோமீட்டருக்கு டீசலில் மிச்சமாவது இரண்டு ரூபாய்க்கும் கொஞ்சம் கம்மி. டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடக் கேட்கிறார்கள் என்றால், அந்தக் காசை எடுக்க 50,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். மாசம் 500 வீதம் ஒன்பது வருஷம். இதில் இன்ஜெக்டர் சேரவில்லை, கிளட்ச் சேரவில்லை.

மாமா சளைக்க மாட்டார். "பெட்ரோல்ல கரும்புச் சாறைக் கலக்குறானே, அது?" என்பார். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023-க்கு முன் வந்த பல வண்டிகள் அதற்கென்று வடிவமைத்தவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும், பழைய ரப்பர் குழாய்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மலையேறும்போது ஐந்து பேர், பெட்டி, ஏசி என்று ஏற்றினால் சின்னப் பெட்ரோல் வண்டி மூச்சு வாங்கும், டீசல் அசராமல் இழுக்கும் என்று அவர் சொல்வதும் சத்தியம். ஆனால் பள்ளிக்கூடம் மலைமேல் இல்லையே.

மாமாவின் வண்டியைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் முழுமையாகாது. அது போர்டிகோவில் கவர் போட்டு நிற்கிறது. வெளியே எடுப்பது அமாவாசைக்கு. மற்ற நாளில் காலையில் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் உறும விடுவார். "டீசல் வண்டி ஓடிக்கிட்டே இருக்கணும் மாப்ள." இப்படி ஐடிலில் விடுவதால் உள்ளே கரி படிகிறது என்று மெக்கானிக் பல தடவை சொல்லிவிட்டார். பி.எஸ்.6 டீசலாக இருந்திருந்தால், புகைக்குழாயில் இருக்கிற வடிகட்டி அடைத்துக்கொண்டு எப்போதோ விளக்கை எரியவிட்டிருக்கும்; ஹைவேயில் கொஞ்ச நேரம் வேகமாக ஓட்டினால்தான் அந்தக் கரி எரியும்.

போன வருஷம் அதை விற்றுவிடலாம் என்று மாமாவே கன்சல்டிங்குக்கு ஓட்டிப் போனார். பன்னிரண்டு வருஷ வண்டி, 41,000 கிலோமீட்டர், அத்தனையும் நிஜம். கன்சல்டிங்காரர் மீட்டரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "எங்கீங்க குறைச்சீங்க? நீட்டாப் பண்ணியிருக்காங்க."

மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். கவர் மறுபடி ஏறிவிட்டது.

பழைய கார் பார்க்கிறவர்களுக்கு: மாசம் 1,500 கிலோமீட்டரைத் தாண்டுகிறவர்கள், அதிலும் நெடுஞ்சாலையில் தாண்டுகிறவர்கள், டீசலைப் பார்க்கலாம். மற்ற வீடுகளுக்குப் பெட்ரோல் போதும். ஓட்டத்தை எழுதும்போது பழனியை வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமாவை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற அன்றைக்குக் கூப்பிட்டால் போதும்.