காத்து பிரிஞ்சிருச்சா?

கர்ப்பப்பையை எடுத்த மறுநாள் ஒரு பெண்ணிடம் உலகம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "காத்து பிரிஞ்சிருச்சா?" ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேட்கிறார், நர்ஸ் கேட்கிறார், பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்த பாட்டி கேட்கிறார். மாமனார் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று நாசூக்காகக் கேட்டார். அவர் வீட்டில் சத்தமாகச் சிரிக்கக்கூட யோசித்த மருமகள் நான். மயக்க மருந்தில் மந்தமாகிப்போன குடல் மறுபடி வேலைக்கு வந்துவிட்டதற்குக் காத்து பிரிவதுதான் அடையாளமாம். அது நடந்த கையோடு மாமியார் மேலூர் வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேருக்கு இவ்வளவு சீக்கிரம் சேதி போகவில்லை.

எனக்கு ஃபைப்ராய்டு கட்டி. மாத்திரையெல்லாம் பார்த்து, உதிரப்போக்கு நிற்காமல், ரத்தம் ஏற்றும் நிலைக்கு வந்த பிறகுதான் ஆபரேஷன். அதுவும் லேப்ராஸ்கோப்பி. மதுரையில் நோயாளியின் மரியாதை காயத்தின் நீளத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்த எதிர்வீட்டு அக்கா, என் வயிற்றில் இருந்த குட்டிக் குட்டி பிளாஸ்திரிகளைப் பார்த்து முகம் வாடிப்போனார். "இம்புட்டுதானா? எனக்கெல்லாம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கிழிச்சாக." அடுத்த வாரமே நான் மாவாட்டலாம் என்று தீர்ப்பும் சொன்னார்.

வெளியே ஓட்டை சின்னதுதான். ஆனால் உள்ளே கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து எடுத்துவிட்டு, பிறப்புப் பாதையின் மேல் முனையைத் தைத்து மூடியிருக்கிறார்கள். அந்தத் தையல் எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியாது. அது ஆறுவதற்காகத்தான் நாலைந்து கிலோவுக்கு மேல் எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். நம் வீட்டில் நாலு கிலோவுக்குக் குறைவாக என்ன இருக்கிறது? தண்ணீர்க் குடம் கூடாது, கிரைண்டர் கல் கூடாது. சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்பின் எடை தனி. அதைத் தன் கையால் உருட்டிவந்த அன்றுதான் என் கணவருக்கு இந்தியக் குடும்ப அமைப்பைப் பற்றிச் சில சந்தேகங்கள் வந்தன. அந்த ஆறு வாரத்தில் தாம்பத்தியமும் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, கணவர் சீலிங் ஃபேன் எந்தக் கம்பெனி என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பத்தியம் என்ற பெயரில் நடந்ததைச் சொல்லி முடியாது. தண்ணீர் நிறையக் குடித்தால் தையலில் சீழ் வைக்குமாம், பருப்பு தொட்டால் புண் ஆறாதாம். டாக்டர் சொன்னதோ நேர் எதிர்: நிறையத் தண்ணீர், பருப்பு, முட்டை, நார்ச்சத்து, அப்புறம் கழிப்பறையில் முக்கவே கூடாது. "ஓவரியை விட்டுவச்சாகளா? இல்லாட்டி மீசை முளைச்சிரும்" என்று கிளம்பிய ஒரு அத்தையிடம், சினைப்பை ரெண்டும் பத்திரமாக இருக்கிறது என்று சான்றிதழ் காட்டாத குறை. பெரியம்மா மட்டும் ஒன்றில் ஜெயித்தார். தோள்பட்டை வலிக்குது என்றதும், "எல்லாம் வாயு" என்றார். சிரித்துக்கொண்டே டாக்டரிடம் சொன்னேன். "ஆமாம், வாயுதான்" என்றார் அவர். லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றை உப்பவைக்கிற கார்பன்-டை-ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம், சில நாளில் தானே போய்விடுமாம். அன்றிலிருந்து பெரியம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்தத் தைரியத்தில் அடுத்ததாக, "கால் வலிச்சாச் சொல்லு, நல்லெண்ணெய் வச்சு நீவி விடுறேன்" என்றார். இங்கேதான் நான் கறாராக இருந்தேன். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் யாரிடமும் யோசனையே கேட்க வேண்டாம், 108.

என் விஷயத்தில் வந்தது காய்ச்சல். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் பழுப்பாகக் கொஞ்சம் கசிவது சாதாரணம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கசிவில் துர்வாடை வந்தது, தெர்மாமீட்டர் 101-ஐத் தாண்டியது. 100.4-க்கு மேல் போனாலே கூப்பிடச் சொன்ன டிஸ்சார்ஜ் ஷீட், ஃபிரிட்ஜில் தேங்காய்க் கணக்குச் சீட்டுக்கு அடியில் தொங்கியது. ஹாலில் மாமனார் செய்தி பார்க்கிறார். நான் போனில் குரலைத் தணித்து, "சிஸ்டர்... அது... ஒரு மாதிரி வாடை..." என்றேன். சிஸ்டருக்கு வெண்கலக் குரல். "வெள்ளையா, ரத்தமா? பேடு ஒரு மணி நேரத்துல நனையுதா? யூரின் ஒழுங்காப் போகுதா, தானா ஒழுகுதா?" ஸ்பீக்கரில் போடாமலே ஹால் வரைக்கும் கேட்டது. மாமனார் எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆட்டோ கூட்டியாரேன்" என்றார். உள்தையலில் கிருமி, ஆன்டிபயாடிக்கில் அடங்கியது. விட்டிருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கும் என்றார் டாக்டர்.

நம் வீடுகளில் சொல்ல வெட்கப்படுகிற விஷயங்கள்தான் டாக்டர் முதலில் கேட்கிற விஷயங்கள். அவருக்கு அது தினசரி வேலை, வெட்கம் முழுக்க நம் பக்கம்தான். ஆகவே சகோதரிகளே, தேங்காய்க் கணக்கை வேறெங்காவது மாட்டுங்கள். ஆஸ்பத்திரி நம்பரைப் போனில் சேமித்து வையுங்கள். கூப்பிட வேண்டிவந்தால் ஹாலில் யார் இருந்தாலும் கூப்பிடுங்கள். டிவி சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், சிஸ்டர் சொல்வது உங்களுக்குக் கேட்க வேண்டும்.