முட்டுனா ஓடுற மாப்ளைக்கு

வாய்யா மாப்ள, திண்ணையில ஓரமா உக்காரு, எந்திரிச்சு ஓட வசதியா இருக்கும். மதுரையிலருந்து திண்டுக்கல் போறதுக்குள்ள எந்தப் புளியமரம் நல்ல மறைவுன்னு உன்கிட்டக் கேட்டாத்தானே தெரியும்!

பக்கத்து வீட்டுப் பெரியவரு மிச்சம் வச்ச மாத்திரையை வாங்கித் தின்னியாமே. அது ஆக்சிபியூட்டினின். 1975லயே அமெரிக்காவுல அனுமதி வாங்குன பழைய ஆளு. மூத்திரப்பையை அடக்கும், வாஸ்தவம். கூடவே வாயை வறள வைக்கும், வயித்தையும் கட்டும். நாக்கு ஒட்டுதுன்னு நீ செம்பு செம்பாத் தண்ணி குடிச்ச. குடிச்ச தண்ணி எங்கய்யா போகும்? வயசானவங்களுக்கு அதுல புத்தியும் தடுமாறலாமாம். நல்லவேளை, உனக்கு ஆகல. ஆகியிருந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க டாக்டரு திணறியிருப்பாரு.

அந்த மனுசன் சர்க்கரை இல்ல, புராஸ்டேட் வீங்கலன்னு பாத்துட்டுத்தான் மிராபெக்ரான் 25 மில்லிகிராம் எழுதுனாரு. 2011ல ஜப்பான்ல வந்தது. 400 மில்லி வரைக்கும் பொறுமையாத் தாங்க வேண்டிய பை, உனக்கு 100ஐத் தொட்டதுமே இறுக்குதுல்ல, அந்தச் சதையைத் தளர வைக்கும். வாயையும் அவ்வளவா வறட்டாது. முழுசா வேலை செய்ய எட்டு வாரம்கூட ஆகும். நீ மூணாம் நாளே, விதைச்சவன் மண்ணைக் கிளறிப் பாத்த மாதிரி, டாக்டரை வைய ஆரம்பிச்சிட்ட.

அதுலயும் முழுங்கக் கஷ்டம்னு அம்மியில பொடிச்சுத் தேன்ல குழைச்சியாமே! உள்ள போயி மெதுமெதுவாக் கரையணும்னு செஞ்ச மாத்திரைய்யா அது, சுக்குப்பொடி இல்ல. பிரஷரை ஏத்தும், அடிக்கடி பாருன்னு சொன்னதுக்கு, "எனக்குக் கோவமே வராது"ன்னியாம். உன் பொண்டாட்டியைக் கேட்டுப் பாப்பமா?

மாத்திரை போட்டா மட்டும் போதுமா? காலையில ரெண்டு டீ, கடைத்தெருவுல ரெண்டு, சாயங்காலம் காப்பி. அதைக் குறை. முட்டுன உடனே வேட்டியைத் தூக்கிட்டு ஓடாத. அஞ்சு நிமிசம் இழுத்துப் பிடி. பழகுனதும் பத்தாக்கு. இதையும் டாக்டருதான் சொன்னாரு. நீ வாசல்ல செருப்பு மாட்டிட்டு நின்ன.

அடுத்த தடவை போறப்ப எங்கக்காவையும், அதான் உங்கம்மாவையும், கூட்டிட்டுப் போ. ஊருக்குக் கிளம்பணும்னா முந்தின ராத்திரியே தண்ணியை நிறுத்திடுது. கேட்டா "தாகமில்லப்பா"ங்குது. உன் வியாதி ஊருக்கே தெரியும், அது முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கு. டாக்டரு முன்னால வாயைத் தொறக்காது, நீயே பேசு. உனக்குத்தான் எதையும் அடக்கி வைக்கத் தெரியாதே.