‘நோட்டு வீட்ல இருக்கு மிஸ்’: வீட்டுப்பாடம் எழுதாமை குறித்த ஓர் ஆய்வு

தமிழகத்து வகுப்பறைகளில் காலை முதல் பாடவேளையில் நாள்தோறும் நடக்கும் ஓர் உரையாடலை அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. “ஹோம்வொர்க் எங்கே?” “எழுதிட்டேன் மிஸ், நோட்டு வீட்ல இருக்கு.” இவ்விரு வரிகளுக்குள் தத்துவமும் சமூகவியலும் சட்டமும் அடங்கியிருப்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். புள்ளிவிவரம் எதுவும் இணைக்கப்படவில்லை. தகவல் தர இசைந்த மாணவர்கள் அத்தனை பேரும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

முதலில் வரலாறு. வீட்டுப்பாடத்தைக் கண்டுபிடித்தவர் வெனிஸ் நகரத்து ஆசிரியர் ராபர்ட்டோ நெவிலிஸ் என்று இணையம் சாதிக்கிறது. ஆண்டு 1905 என்பார் சிலர். 1095 என்பார் வேறு சிலர். இலக்கம் இடம் மாறினால் கணக்குப் பரீட்சையில் ஒரு மதிப்பெண் போகும். இங்கே 810 ஆண்டுகள் போயிருக்கின்றன. இப்படி ஒருவர் வாழ்ந்ததற்கே சான்று கிடையாது. தவிர, 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று கலிபோர்னியா மாநிலம் சட்டம் போட்டது 1901-இல். 1905 கட்சியை நம்பினால், கண்டுபிடிக்கப்படுவதற்கு நான்கு ஆண்டு முன்பே தடை செய்யப்பட்ட ஒரே பொருள் வீட்டுப்பாடம்தான்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வழக்கம் வேறாக இருந்தது. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு வாத்தியார் ஆளுக்கொரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை அதை மறக்காமல் சொல்ல வேண்டும். நோட்டே இல்லாத வீட்டுப்பாடம். எனவே நோட்டை வீட்டில் விட்டுவருவதற்கும் வழியில்லை. நன்னூல் செய்த பவணந்தியார் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டாகப் பிரித்ததோடு நிறுத்திக்கொண்டார். ஒன்பதாவதாக ஒன்று அவருக்குத் தேவைப்படவில்லை. காகிதம் மலிந்த பிறகுதான் காரணமும் மலிந்தது.

இனிக் கோட்பாடு. கிரெஷம் சைக்ஸ், டேவிட் மட்ஸா என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1957-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குற்றச் செயல்களில் இறங்கும் சிறுவர்கள் தங்கள் மனசாட்சியை எப்படிச் சமாதானப்படுத்துகிறார்கள் என்பதை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் நம்மூர் ஐந்தாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வந்ததில்லை. வந்திருந்தால் வேலை ஒரே காலையில் முடிந்திருக்கும். பொறுப்பை மறுப்பது முதல் வகை: “கரண்ட் இல்ல சார்.” தீங்கை மறுப்பது அடுத்தது: “ரெண்டு கணக்குதானே விட்டுப்போச்சு?” பாதிக்கப்பட்டவருக்கு அது வேண்டியதுதான் என்பது மூன்றாவது: “அவங்க நோட்டைத் திருத்தவே மாட்டாங்கடா.” கேட்பவரையே கூண்டில் ஏற்றுவது நான்காவது: “நீங்களும்தான் டெஸ்ட் பேப்பரை இன்னும் கொடுக்கலை.” இதற்குத் தைரியம் வேண்டும், பெரும்பாலும் கடைசி பெஞ்சிலிருந்தே வரும். ஐந்தாவது, மேலான கடமையைக் காட்டுவது: மாமா கல்யாணம், பாட்டிக்கு உடம்பு சரியில்லை, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு.

முதல் வகையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் 10 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. அந்த ஆண்டில் “கரண்ட் இல்ல” என்ற பிள்ளை சாட்சி சொன்னது; சாக்குச் சொல்லவில்லை. இன்றும் படிக்க ஒரு மூலை கிடைக்காத வீடுண்டு. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுதும் அக்காவும் உண்டு. வகுப்பில் கணக்கே புரியாமல் போனதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு நோட்டின் மேல் பழியைப் போடும் பிள்ளைகளும் உண்டு. சாக்கையும் காரணத்தையும் ஒரே பிரம்பால் அளந்ததுதான் பழைய முறையின் பெரிய ஓட்டை.

அந்தப் பிரம்பை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. அதன் இடத்துக்கு வந்த இம்போசிஷனின் நிலை ஆய்வாளர்களுக்கு நன்கு தெரிந்ததே. “இனி வீட்டுப்பாடம் எழுதாமல் வரமாட்டேன்” என்பதை நூறு முறை எழுதச் சொன்னால், பிள்ளை முதலில் ‘இனி’ என்பதை மேலிருந்து கீழாக நூறு தடவை எழுதும், அப்புறம் ‘வீட்டுப்பாடம்’. தொழிற்சாலை உற்பத்திமுறையைச் சுயமாகக் கண்டடைந்த அந்தப் பிள்ளைக்குப் பாராட்டு உரியதுதான். பொறுப்பு மட்டும் எந்த வரிசையிலும் வந்து சேரவில்லை.

அமெரிக்க ஆசிரியர்கள் சிலர் கையாளும் முறை மலிவானது. எழுதாமல் வந்த மாணவரிடம் ஒரு வண்ணச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். பெயர், தேதி, எந்தப் பாடம், ஏன் எழுதவில்லை, எப்போது முடிப்பேன் என்று எல்லாவற்றையும் மாணவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். திட்டு இல்லை, விசாரணை இல்லை. சீட்டுகள் கோப்பில் சேர்கின்றன. பெற்றோர் வரும் நாளில் மேசைக்கு வருகின்றன. வாயால் சொல்லும்போது காற்றில் போகும் பாட்டி காய்ச்சல், எழுத்தில் மூன்றாம் முறை வரும்போது எழுதுபவருக்கே உறுத்தும். உண்மையான காரணமும் அதே கோப்பில்தான் தெரியவரும்: சீட்டெல்லாம் பின்னம் பற்றியதாகவே இருந்தால், அந்தப் பிள்ளைக்கு வேண்டியது தண்டனையில்லை, பின்னம். கடைசிக் கேள்விக்கும் அறிவியல் பலம் உண்டு. எப்போது, எங்கே என்று நிச்சயித்துக்கொண்ட எண்ணம் செயலாகும் வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார். “நாளைக்கு எழுதிடறேன்” என்பது வெறும் ஆறுதல். “இன்று மாலை ஆறு மணிக்கு, டியூஷனுக்கு முன்” என்பது திட்டம்.

சீட்டு பெரியவர்களுக்கும் பொருந்தும். மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கைப்படி இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடமே கூடாது. மூன்று முதல் ஐந்துவரை வாரத்துக்கு 2 மணி நேரம். ஆறு முதல் எட்டுவரை நாளுக்கு 1 மணி நேரம். ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றமும் 2018-இல் சொன்னது. யுகேஜி பிள்ளைக்கு நான்கு பக்கம் எழுதக் கொடுக்கும் பள்ளியும் ஏன், எப்போது நிறுத்துவேன் என்று ஒரு சீட்டு நிரப்பட்டும்.

நாய் தின்றுவிட்டது என்ற உலகப்புகழ் சாக்கு மெய்யாகவே நடந்ததும் உண்டு. 1936-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் எழுதிக்கொண்டிருந்த ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவலின் கைப்பிரதியில் பாதியை அவருடைய நாய்க்குட்டி டோபி குதறிப்போட்டது. வேறு பிரதி இல்லை; இரண்டு மாத உழைப்பு. நாயை லேசாகத் தட்டிவிட்டு அவர் மறுபடி எழுத உட்கார்ந்தார். 1937-இல் புத்தகம் வந்துவிட்டது.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளையின் தெர்மாகோல் எரிமலையை இரவு பதினொரு மணிக்கு ஒட்டியது நீங்கள்தான் என்பது பள்ளிக்குத் தெரியும். சீட்டையாவது பிள்ளையே நிரப்பட்டும்.