கொடிக்கு வயது, குப்பிக்கு விலை

பழைய திராட்சைக் கொடி என்றால் எத்தனை வயது? பிரெஞ்சுச் சட்டம் இதில் வாய் திறப்பதில்லை. ஒயின் லேபிளில் 'பழைய கொடி' என்று அச்சடிக்கத் துணிச்சல் போதும். ஆஸ்திரேலியாவின் பரோசாவிலோ படிநிலை வைத்திருக்கிறார்கள். 35 வயதில் பழையது, 70இல் தப்பிப் பிழைத்தது, 100இல் நூற்றாண்டு கண்டது, 125இல் மூதாதை. இதே ஊரில் 1980களில் கொடியைப் பிடுங்கி எறிய அரசே காசு கொடுத்தது. மூதாதையர் காதில் விழ வேண்டாம்.

கிழட்டுக் கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும். கொஞ்சமாகக் கிடைப்பது எதுவோ, அதற்குத்தான் சேகரிப்பாளர் அலைவார். குடிப்பதற்கா? சேச்சே! குளிரறையில் படுக்கவைத்து, ஈரப்பதம் பார்த்து, விருந்தாளிக்குக் காட்டுவதற்கு. வீட்டுத் தாத்தாவுக்கு மின்விசிறியே போதும்.

அலைகிறவர் இருந்தால் போலியும் வரும். 2008இல் நியூயார்க் ஏலத்துக்குப் பிரான்ஸ் நாட்டுப் பர்கண்டியின் பொன்சோ குடும்பத்துக் 'கிளோ சான் தெனி' குப்பிகள் வந்தன. லேபிளில் 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகள். அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதோ 1982இல்! லோரான் பொன்சோ விமானமேறி வந்து தடுத்தார். மாட்டிவிட்டது நாக்கல்ல, கூட்டல் கழித்தல்.

சரக்கை அனுப்பியவர் ரூடி குர்னியவான். 2012இல் எஃப்பிஐ அவர் வீட்டுக்குள் போனபோது கட்டுக்கட்டாக லேபிள், கார்க். கலிபோர்னியா ஒயினை எந்தப் பழைய பிரெஞ்சு ஒயினாக்குவது என்று குப்பிமேலேயே குறிப்பு வேறு. 2014இல் 10 ஆண்டு சிறை. நல்ல சிவப்பு ஒயின் பக்குவப்படவும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் சொல்கிறார்கள்.