பறக்கும் படையா, பக்கத்து பெஞ்சா?

மயிலாப்பூர், பி.காம். மாணவி: பரீட்சையில் காப்பி அடித்தவரை விசாரிக்கும் அதிகாரத்தை மாணவர்களிடமே கொடுத்தால் என்ன?

கொடுத்துப் பார்த்த இடம் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகம். 1840-ல் அங்கே முகமூடி போட்ட மாணவன் ஒருவன் சுட்டதில் பேராசிரியர் ஒருவர் இறந்துபோனார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே பகை அந்த அளவுக்கு முற்றியிருந்தது. அதன் பிறகு 1842-ல், விடைத்தாளில் யாருடைய உதவியும் பெறவில்லை என்று மாணவரே உறுதி எழுதிக் கையெழுத்துப் போடும் வழக்கம் வந்தது. போகப் போக விசாரணையும் மாணவர் கைக்குப் போனது. புகாரைத் துருவுபவர் மாணவர், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணை நிற்பவர் மாணவர், தீர்ப்புச் சொல்பவரும் மாணவர்.

நான் மதிப்பது இன்னொரு ஏற்பாட்டை. தன்மேல் சந்தேகம் வருவதற்கு முன்பே ஒருவர் தானாக வந்து உண்மையைச் சொல்லிவிட்டால் வெளியேற்றம் இல்லை. மனசாட்சிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நம் கல்லூரிகளில் அந்தக் கதவு எங்கே?

மந்தைவெளி, இன்ஜினீயரிங் மாணவர்: சக மாணவர்கள் என்றால் இரக்கப்பட்டு விட்டுவிட மாட்டார்களா?

நேர்மாறு. வர்ஜீனியாவில் குற்றம் உறுதியானால் நெடுங்காலம் ஒரே தண்டனைதான், பல்கலைக்கழகத்தை விட்டே வெளியேற்றம். 2001-ல் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் மாணவர்களின் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்க்கக் கணினி நிரல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிக்கினார்கள். மாணவர் குழு ஒவ்வொரு வழக்காகப் பிரித்துப் பார்த்தது. பலர் குற்றமற்றவர்கள் என்று தெரிந்தது, ஏனென்றால் அவர்களுடைய கட்டுரையைத்தான் அடுத்தவர் எடுத்திருந்தார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் படிப்பை இழந்தார்கள். ஒரே தண்டனை கூடாது என்று பின்னாளில் தளர்த்தியதும் மாணவர்களே. 2022-லும் 2023-லும் வாக்களித்து மாற்றினார்கள்.

ஆழ்வார்பேட்டை வாசகர்: கண்காணிப்பாளரே இல்லாமல் பரீட்சை நடத்த முடியுமா?

பிரின்ஸ்டனில் 1893-ல் தொடங்கினார்கள். ஸ்டான்ஃபோர்டில் 1921-ல். ஆனால் ஸ்டான்ஃபோர்டே நூறு வருஷம் கழித்து, ஹாலில் ஆள் நிறுத்திச் சோதித்துப் பார்க்கலாம் என்று 2023-ல் முடிவெடுத்தது. நண்பனை நண்பன் காட்டிக்கொடுக்க மாட்டான். இந்த ஏற்பாட்டின் பலவீனம் அதுதான், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

அடையாறு, ஓய்வுபெற்ற பேராசிரியை: நம் சட்டத்தில் மாணவருக்கு இடம் உண்டா?

அம்மா, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். கருத்துத் திருட்டைத் தடுக்க யு.ஜி.சி. 2018-ல் விதிகள் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. விசாரிக்கத் துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு. துறைத் தலைவர் இருக்கிறார், மூத்த பேராசிரியர் இருக்கிறார், மென்பொருள் தெரிந்தவர் இருக்கிறார். மாணவர் ஒருவர்கூட இல்லை.

அதே யு.ஜி.சி.யின் 2015-ம் ஆண்டு விதியைப் பாருங்கள். பாலியல் துன்புறுத்தல் புகார் மாணவர் சம்பந்தப்பட்டதாக இருந்தால், உள்புகார்க் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக. ராகிங் தடுப்புக் குழுவிலும் மாணவருக்கு இடம் உண்டு. இவ்வளவு கனமான விஷயங்களில் தீர்ப்புக்குத் தகுதியானவர், பிட் காகிதம் பற்றிய விசாரணைக்கு மட்டும் எப்படித் தகுதியற்றவர் ஆனார்?

ஹாலில் பிடிபட்டவர் நிலைமை உங்களுக்கே தெரியும். விடைத்தாளைப் பிடுங்குவார்கள், ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொள்வார்கள், நடந்ததை அங்கேயே எழுதித் தரச் சொல்வார்கள். கை நடுங்க எழுதிய அந்த ஒரு பக்கம்தான் பிறகு விசாரணையில் சாட்சி. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று நான்கு பேராசிரியர்கள், இந்தப் பக்கம் தனியாக ஒரு பத்தொன்பது வயது. துணைக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தாலே அந்த அறையின் நியாயம் கூடும்.

கோட்டூர்புரம் வாசகி: கேமரா வைத்துவிட்டால் இந்தச் சிக்கலெல்லாம் தீருமே?

உங்கள் பக்கத்திலேயே நடந்ததை நினைவுபடுத்துகிறேன். கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரி-மார்ச்சில், அண்ணா பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு ஆன்லைனில் செமஸ்டர் தேர்வு நடத்தியது. ஏராளமானோர் ஃபெயில், முறைகேடு சந்தேகத்தில் பலரது முடிவு நிறுத்திவைப்பு. கடைசியில், மே மாதம் உயர்கல்வி அமைச்சரான பொன்முடி மறுதேர்வு அறிவிக்க வேண்டியதாயிற்று. சிக்னல் விட்டுப்போனதா, ஏமாற்றினாரா என்று கேமராவுக்குத் தெரியாது. விசாரிக்க மனிதர் வேண்டும்.

தி.நகர், ஒரு தந்தை: ஃபைனல் இயர் ப்ராஜெக்டைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம் என்கிறான் மகன். வாங்கித் தரலாமா?

கூடாது. உங்கள் பேட்டையிலிருந்து வடபழனி வரை மாடிப்படியெல்லாம் ப்ராஜெக்ட் சென்டர் போர்டு தொங்குகிறது, தெரியும். கோட் எழுதித் தந்து, ரிப்போர்ட்டை பைண்ட் பண்ணி, வைவாவில் என்ன சொல்ல வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுக்கும் இடங்கள் உண்டு. மைக்ரோ ஜெராக்ஸ் பிட்டோடு மாட்டுபவன் ஏழை வீட்டுப் பையன், தப்பிப்பவன் அப்பாவிடம் பணம் உள்ளவன் என்று ஆகிவிடும். எந்த மாணவர் எதை வாங்கினார் என்பது அந்த வகுப்புக்கு நன்றாகத் தெரியும். மாணவர் குழு வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ராயப்பேட்டை வாசகர்: மாணவர் குழுவில் சாதியும் கட்சியும் புகுந்துவிடாதா?

புகும். வெளிநாட்டு மாணவர்கள்மீதே புகார் அதிகம் போகிறது என்ற குறை வர்ஜீனியாவிலும் உண்டு. அதனால்தான் முழு அதிகாரத்தையும் மாணவரிடம் தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆசிரியரும் மாணவரும் கலந்த குழு, பெயரை மறைத்து ஆண்டுதோறும் வெளியிடும் தீர்ப்பு விவரம், மேல்முறையீடு ஆகிய மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். மூத்தவர்கள் மட்டும் உட்கார்ந்தால் சுத்தம் என்பதும் இல்லை. மறுமதிப்பீட்டில் பணம் வாங்கி மார்க் போட்டதாக லஞ்ச ஒழிப்புத் துறை 2018-ல் வழக்குப் போட்டது அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி உள்ளிட்டோர் மீது.

திருவான்மியூர், எம்.ஏ. மாணவி: நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?

உங்கள் கல்லூரியின் தேர்வு விதிமுறைப் புத்தகத்தை வாங்கி, முறைகேடு பற்றிய பக்கத்தைப் படியுங்கள். விசாரணைக் குழுவில் யார் யார் என்று பாருங்கள். மாணவர் இல்லை என்றால், வரும் கல்வியாண்டில் இரண்டு பேரைச் சேர்க்கக் கேட்டு முதல்வருக்கு மனுக் கொடுங்கள். 2015-ம் ஆண்டு விதியின் நகலையும் அதோடு இணையுங்கள். வகுப்பில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.