மாப்பிள்ளை சந்தைக்குப் போறாரு

வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க. வெயில் ஏறுறதுக்குள்ள பசார் தானி சந்தைக்குப் போகணும்னு பேத்தி சொன்னா. தோள்ல துணிப்பை, தலையில தொப்பி, கழுத்துல கேமரா. கீரை வாங்கப் போறீங்களா, புலி பார்க்கப் போறீங்களா? சரி, கெர்லிங்ல பொறந்து, பாதி ஆயுசு பால்மரத்துலயும் மீதி செம்பனையிலயும் போன கிழவன் நாலு வார்த்தை சொல்றேன், கேட்டுட்டுப் போங்க. புத்தி சொல்றதுக்குக் காசு கேக்க மாட்டேன்.

முதல்ல ஒண்ணு. கதை சொல்றவன்கிட்ட எதையும் வாங்காதீங்க. "எங்க பாட்டி காலத்து விதைங்க"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சா, கத்திரிக்காய்க்கு ஒரு விலை, பாட்டிக்கு ரெண்டு வெள்ளி தனி.

போன தடவை ஒரு கேரட்டைத் தூக்கிப் பிடிச்சு, "தாத்தா, உங்க ஊர் மண்ணுல விளைஞ்சது"ன்னு படம் எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? சிரிச்சதுல எனக்குப் பல்செட்டு கழண்டுடுச்சு. இந்த வெக்கையில மனுஷனே வாடுறான், கேரட் விளையுமா? முட்டைகோஸும் தக்காளியும் கேமரன் மலைச் சரக்கு. ராத்திரி லாரி ஏறி, நம்ம லெம்பா பெரிங்கின் பக்கமா நெடுஞ்சாலையில ஓடி, செலாயாங் மொத்தச் சந்தையில இறங்கும். அங்க ஒருத்தன் வாங்கி, வேன்ல போட்டு, வந்த வழியே திருப்பிக் கொண்டாந்து 'கம்பத்துக் காய்'னு விப்பான். நீங்க மாமியார் வீட்டுக்கு வந்ததைவிட அந்த முட்டைகோஸ் கெர்லிங்கைத் தாண்டினது அதிகம்.

ஃபாமான்னு நம்ம மலேசியாவுல ஒரு வாரியம் இருக்கே, வேளாண் சரக்கைச் சந்தைப்படுத்த 1965ல வச்சது, அவங்கதான் 1985ல பசார் தானியைக் கொண்டாந்தாங்க. விளைவிச்சவனே விக்கணும், நடுவுல நிக்கிறவன் திங்கக் கூடாதுன்னு. நல்ல எண்ணந்தான். ஆனா நடுவுல நிக்கிறவன் லேசுப்பட்டவனா? அவனும் ஒரு வைக்கோல் தொப்பி வாங்கிப் போட்டுக்குவான். மதுரையில 1999 நவம்பர் 14ஆம் தேதி உழவர் சந்தை தொறந்தப்ப, விவசாயிக்குப் படம் ஒட்டின அடையாள அட்டையே குடுத்தாங்க. நமக்கு எதுக்கு அட்டை? விக்கிறவன் நகத்தைப் பாருங்க. நகக்கண்ணுல மண் இருந்தா நம்ம ஆளு. கல்லு மோதிரம் மின்னுச்சுன்னா கும்பிடு போட்டுட்டு அடுத்த மேசைக்கு நடங்க.

பெர்த்தாக் பக்கத்துல இருந்து தெமுவான் பூர்வகுடி ஆளுங்க யாராச்சும் பெத்தாய்க் காய் கொண்டாந்திருந்தா அங்க நில்லுங்க. முறுக்கின கொடிவாள் மாதிரி தொங்கும், காய் புடைச்சு, தோல் பச்சையா இருக்கணும். டுரியான் இருந்தா "இனிப்பா?"ன்னு மட்டும் கேட்டுத் தொலைக்காதீங்க. உலகத்துல எந்த டுரியான்காரன் "இல்ல, கசக்கும்"னு சொல்லியிருக்கான்? காம்பைப் பாருங்க. நம்ம நாட்டுல பழம் தானா விழுந்தாத்தான் பழம், அதனால ராத்திரி விழுந்ததுக்குக் காம்பு ஈரமா இருக்கும். காஞ்ச நுனியை நறுக்கிப் புதுசாக்குற கில்லாடியும் இருக்கான், வெட்டு நேரா இருந்தா உஷார். அப்புறம் காதுகிட்ட வச்சு ஆட்டுங்க, உள்ள லேசா அசையணும். ரொம்ப நேரம் ஆட்டாதீங்க, பிள்ளைக்குத் தாலாட்டுன்னு நெனைச்சுக்குவாங்க.

பாக்குங்கிற பெரணிக் கீரைக்கு நுனி சுருண்டிருக்கணும், ஒடிச்சா 'டக்'குன்னு சத்தம் வரணும். மரவள்ளி இலையை ஏளனமாப் பார்க்காதீங்க. ஜப்பான்காரன் இருந்த மூணரை வருஷம் எங்க ஆத்தா உயிரைப் பிடிச்சு வச்சது மரவள்ளிதான். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அதை வாயில வைக்கல, அது வேற விஷயம்.

பேரம் பேசுங்க. பேசாம நீட்டின நோட்டை வாங்குறது விக்கிற கிழவிக்கு அவமானம். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வந்து குந்தியிருக்கா, சண்டை போட ஒரு ஆள் வேணாமா? கடைசியில அவ சொன்ன விலையையே குடுத்துடுங்க. ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

அப்புறம் இந்த 'கைவினைப் பொருள்'. பேத்தி அந்த வார்த்தையை ஐயர் மந்திரம் மாதிரி சொல்றா. தோட்டத்து லயத்துல நாங்க இருந்தப்ப அதுக்குப் பேரு 'வேற வழியில்ல'. பால் டின்னைக் கழுவினா அரிசி அளக்குற படி, பிடி வச்சா காப்பிக் குவளை. சாக்கைப் பிரிச்சா கால்மிதி. இன்னைக்கு அதையே ஒரு மேசையில அடுக்கி, சின்ன அட்டையில நூல் கட்டித் தொங்கவிட்டா அம்பது வெள்ளிங்கிறான். அங்க போய் ஏமாறாதீங்க.

எங்க பார்க்குறீங்க? ஓ, வாசல் உத்தரத்துல தொங்குதே, அதா? ஈர்க்கு விளக்குமாறு. செம்பனை மட்டையை வெட்டி நிரைக்கு நடுவுல போட்டிருப்பாங்க, அதுல ஓலையைக் கத்தியால வழிச்சு, ஈர்க்கை வெயில்ல காயப்போட்டுக் கட்டுறது. எங்க ஐயா கத்துக் குடுத்தாரு. பொழுது விடியறதுக்குள்ள மரத்துக்குப் போயிடுவாரு, சாயங்காலம் வந்து கள்ளுக்கடைக்குக் கிளம்புறதுக்கு முன்ன இதே மாதிரி முட்டி மடக்கி உட்கார்ந்து...

சரி, பத்து வெள்ளி. ஐயாவுக்கு ரெண்டு. புத்திக்குத்தான் காசு கேக்க மாட்டேன்னேன் மாப்பிள்ளை, கதைக்குச் சொல்லலையே. சில்லறை இல்லன்னா பரவாயில்ல, தூண்ல கியூஆர் ஒட்டியிருக்கு பாருங்க. உங்க பெண்சாதிதான் ஒட்டிக் குடுத்தா.