நம்பர் பிளேட்டின் பின்பாட்டு

பல கை மாறிப் பெரியப்பாவிடம் வந்த அம்பாசிடரில் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கேசட் பிளேயர் தொங்கும். பின்கண்ணாடியை ஒட்டிய பலகையில் முட்டை வடிவ ஸ்பீக்கர் இரண்டு. கோவையிலிருந்து பழனிக்குப் புறப்பட்டால் சீர்காழியின் குரலும் கதவுகளின் குரலும் சேர்ந்தே வரும். ஐம்பதைத் தாண்டினால் கதவுகள் ஜெயித்துவிடும்.

டிரைவர் அண்ணனிடம் எல்லாவற்றுக்கும் வைத்தியம் இருந்தது. கண்ணாடி லொடலொடத்தால் தீப்பெட்டி அட்டையை மடித்து இடுக்கில் செருகுவார். டிக்கியில் உருளும் ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் பெரியப்பாவின் கிழிந்த வேட்டியில் சுற்றி ஸ்டெப்னிக்குள் திணிப்பார். பானெட்டுக்குச் சைக்கிள் டியூப் துண்டு. அப்படியும் ஓயாத சத்தத்துக்கு ஒரே தீர்ப்புதான்: "வண்டின்னா பேசத்தானுங்க செய்யும்."

இப்போதைய கார்கள் பேசுவதில்லை. அக்கா மகன் வாங்கியதும் அப்படித்தான். சிக்னலில் நின்றால் எஞ்சின் ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அமைதி அவனுக்குப் பொறுக்கவில்லை. டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர், சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர். போட்ட அன்றே டிக்கிக் கதவு, நம்பர் பிளேட், கதவுக்குள் இருக்கும் லாக் கம்பி எல்லாம் தாளம் போட ஆரம்பித்தன. சத்தம் போட ஒரு செலவு. அந்தச் சத்தம் கிளப்பிய சத்தத்தை அடக்க இன்னொரு செலவு.

கடைப் பையன் கதவின் உள்பக்கத்தைக் கழற்றி, விரல் முட்டியால் தகட்டைத் தட்டினான். 'டங்ங்'. ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் கருப்பாய் ஒட்டும் பியூட்டைல் ரப்பர். அந்த ஷீட்டை ஒட்டி, தாளிலுள்ள மேடுபள்ளம் மறையும்வரை சின்ன உருளையால் அழுத்தித் தேய்த்தான். மறுபடி தட்டினான். 'டொக்'. தகடு அதிரும்போது இடையில் சிக்கிய ரப்பர் இழுபட்டு அதிர்வைச் சூடாக மாற்றிவிடுகிறது. இதற்குத் தகடு முழுவதும் மெழுகத் தேவையில்லை. நடுவில் கால்வாசி மூடினாலே பெரும்பலன் கிடைக்கும். முழுவதும்தான் மெழுகினார்கள். சதுர அடிக் கணக்கில் காசு வாங்குகிறவர்கள் வேறெப்படிச் செய்வார்கள்?

பிறகு 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெல்ல ஏறும் ஒற்றை ஒலியைப் போனில் ஓடவிட்டு, ஆளுக்கொரு பக்கம் காதை வைத்தோம். உடுக்கைச் சத்தத்துக்கு ஒவ்வொருவராகச் சாமி வருவதுபோல ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சாமான் எழுந்து ஆடியது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒட்டிய ஒரு ஃபோம் துண்டில் பாதிச் சத்தம் அடங்கிவிட்டது. டிரைவர் அண்ணனின் தீப்பெட்டி அட்டைதான், ஜிஎஸ்டியோடு வந்திருந்தது.

"இனிமே வெளிய கேக்காது மாமா" என்றான். கேட்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை எட்டரை மீட்டர் நீளம். அவன் கார் நான்கு மீட்டர்கூட இல்லை. இரண்டு மில்லிமீட்டர் ஷீட் தகட்டின் நடுக்கத்தை அடக்குமே தவிர, அந்த அலையைக் கட்டிப்போடாது. அவன் தெருமுனை திரும்பும்போதே அக்கா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுகிறாள்.

இந்த வேலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் நம்பர் பிளேட்டையும் டிக்கியில் கிடக்கும் சாமான்களையும் பாருங்கள். ஷீட் ஒட்டியே தீருவதென்றால், கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்க விடாதீர்கள். அடைத்தால் ஐப்பசி மழை கதவுக்குள்ளேயே தேங்கித் துருப்பிடித்துவிடும்.